சிகிச்சைக் காலத்தில் ஊட்டம்

(ஆண்டு விழாவில் மாதர் குழுவின் சார்பில் நிகழ்த்திய உரை)

   



ஆண்டு விழா மேடையில் நோயைப் பற்றிப் பேசலாமா என்று செயற்குழுவில் ஒரு தயக்கம் எழுந்தது. நல்ல நாளும் அதுவுமாகப் புற்றுநோய் என்ற சொல்லை எடுப்பானேன் என்று பெரியவர் ஒருவர் கேட்டார். இந்த ஒரு நாளில்தான் நம் குடியிருப்பின் குடும்பங்கள் அனைத்தும் ஒரே கூரையின்கீழ் அமர்கின்றன. வேறு எந்த நாளில் பேசுவது என்று நாங்கள் திருப்பிக் கேட்டோம். இருபது நிமிடம் தந்தார்கள். அடுத்து நம் குழந்தைகளின் நாட்டிய நாடகம் காத்திருக்கிறது. ஆதலின் முன்னுரையைச் சுருக்கிச் செய்திக்கு வருகிறோம்.

மும்பையில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஊரிலிருந்து வரும் தொலைபேசி அழைப்புகளில் ஒரு வகை உண்டு. “அப்பாவுக்குக் கட்டி என்கிறார்கள்; அங்கே கூட்டி வரட்டுமா?” என்று தொடங்கும் அழைப்பு அது. பரேலில் டாட்டா நினைவு மருத்துவமனை 1941ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் திறக்கப்பெற்றது. மெஹர்பாய் டாட்டா அம்மையார் 1931இல் இரத்தப் புற்றுநோயால் மறைந்த துயரமே அதற்கு வித்து. அடையாற்றுப் புற்றுநோய் நிலையமும் ஒரு குடும்பத் துயரில் பிறந்ததே. தம் தங்கையை இந்நோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் விடாமுயற்சியால் 1954இல் எழுந்தது அது. இன்று தமிழ்நாட்டின் நகரங்கள் பலவற்றிலும் கதிர்ச் சிகிச்சை கிடைக்கிறது. ஆயினும் மகன் இங்கே இருக்கிறான், மகள் இங்கே இருக்கிறாள் என்ற காரணத்தால் பெற்றோர் இங்கு வருகிறார்கள். வந்தவர்களைப் பேணும் பொறுப்பு நம் வீட்டு அடுப்படிகளின்மேல் விழுகிறது.

அப்படி வந்த ஒருவரைப் பற்றிச் சொல்லத்தான் நாங்கள் நிற்கிறோம். அவர் குடும்பத்தாரின் இசைவு பெற்றே சொல்கிறோம். பெயர் வேண்டா.

சில ஆண்டுகளுக்கு முன் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் நம் குடியிருப்புக்கு வந்தார். தொண்டையில் புற்று. ஏழு வாரம் கதிர்ச் சிகிச்சை, வாரம் ஒரு முறை கீமோ என்று மருத்துவர்கள் வகுத்தார்கள். ஊரில் ‘கரண்டு வைப்பது’ என்பார்களே, அதுதான் கதிர்ச் சிகிச்சை. வந்த அன்று அவர் எடை 58 கிலோ. நகைச்சுவையாகப் பேசுவார், மாலையில் தோட்டத்து பெஞ்சில் அமர்ந்து பிள்ளைகளுக்குத் தாயக்கட்டம் சொல்லிக் கொடுப்பார்.

செய்தி பரவியதும் நாங்கள் சும்மா இருப்போமா? ஆளுக்கு ஒன்றாக எடுத்துச் சென்றோம். ஒருவர் ஆப்பிள், ஒருவர் கோதுமைப் புல் சாறு, ஒருவர் சீந்தில் கஷாயம், ஒருவர் மஞ்சள் சத்து மாத்திரை. விலையுயர்ந்த ஊட்டப் பொடி டின் ஒன்றை நாங்கள் பணம் சேர்த்து வாங்கினோம். அறிவுரைகளையும் தாராளமாக வழங்கினோம். சர்க்கரை புற்றுக்குத் தீனி, நிறுத்துங்கள், பால் ஆகாது, நிறுத்துங்கள், தயிர் சளி பிடிக்கும், முட்டை சூடு, வெள்ளை அரிசி கூடாது. மருமகள் ஒவ்வொன்றையும் கைபேசியில் குறித்துக்கொண்டு அப்படியே செய்தார். பெரியவர் மூன்றாம் வாரத்தில், “தாயி, ஒரு பிடி தயிர்ச்சோறு கெடைக்குமா?” என்று கேட்டாராம். “வேண்டாம் மாமா, ஒடம்புக்கு ஆகாதுன்னு எல்லாரும் சொல்றாங்க” என்று அவர் சொல்லியிருக்கிறார். அந்த ‘எல்லாரும்’ நாங்கள்தாம்.

ஐந்தாம் வாரத்தில் எடை 50 கிலோ. வாயெல்லாம் புண். ஒரு காலையில் நடக்கும்போது மயங்கி விழுந்தார். உடலில் நீர் வற்றியிருந்தது. இரத்த அணுக்களும் குறைந்திருந்தன. மருத்துவர்கள் சிகிச்சையை நிறுத்தி வைத்தார்கள். ஒன்பது நாள் இடைவெளி விழுந்தது. தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை தொடங்கிவிட்டால் நடுவில் நாள் விடுபடுதல் பெருங்கேடு. விடுபட்ட நாட்களில் எஞ்சிய புற்றணுக்கள் மீண்டும் பெருகுகின்றன.

அங்கே உணவியல் வல்லுநர் ஒருவர் இருந்தார். மராத்தியப் பெண்மணி. நேற்று முழுவதும் பெரியவர் வாயில் போனது என்ன என்று இந்தியில் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். எங்களுள் ஒருவர் உடனிருந்து மொழிபெயர்த்தார். சாறு, கஷாயம், மாத்திரை, பழத்துண்டு, கஞ்சித் தண்ணீர் எனப் பதினொரு பொருள்கள் அந்தத் தாளில் ஏறின. அவர் கூட்டிப் பார்த்தார். அறுநூறு கலோரியைத் தாண்டவில்லை. “இதில் சாப்பாடு எங்கே?” என்று கேட்டார். எங்களால் விடை கூற இயலவில்லை.

அன்று தொடங்கி அந்த அம்மையாரிடமும், பின்னர் மற்ற மருத்துவர்களிடமும், நூல்களிலும் நாங்கள் கற்றவற்றையே இனிச் சொல்கிறோம். நாங்கள் மருத்துவர்கள் அல்லோம். உங்கள் வீட்டு நோயாளிக்கு உரியதை அவருடைய மருத்துவரே சொல்லவேண்டும்.

முதலில் எடையைப் பற்றி. நோயாளி மெலிவது இயல்புதானே என்று நாம் எண்ணிவிடுகிறோம். ஆறு மாதத்தில் எடையில் 5 விழுக்காட்டுக்கு மேல் தானாகக் குறைந்தால் அதை மருத்துவர்கள் ஓர் எச்சரிக்கையாகக் கொள்கிறார்கள். அறுபது கிலோ மனிதருக்கு அது மூன்று கிலோ. நம் பெரியவர் ஐந்து வாரத்தில் இழந்தது ஏறக்குறைய 14 விழுக்காடு. இந்நோயில் கரைவது கொழுப்பு மட்டுமன்று, தசையும் கரைகிறது. தசை கரைந்தவருக்குக் கீமோ மருந்தின் நச்சுத் தன்மை மிகுதியாகத் தாக்கும். மருந்தளவைக் குறைக்கவோ சிகிச்சையைத் தள்ளிப்போடவோ நேரும்.

எவ்வளவு உணவு வேண்டும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. மருத்துவ ஊட்டவியலுக்கான ஐரோப்பியக் கழகம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டு நெறி, எடையில் கிலோ ஒன்றுக்கு நாளைக்கு 25 முதல் 30 கலோரி என்றும், புரதம் ஒரு கிராமுக்கு மேல், இயன்றால் ஒன்றரை கிராம் வரை என்றும் கூறுகிறது. ஐம்பது கிலோ எடையுள்ளவர்க்கு நாள் ஒன்றுக்கு 1,250 முதல் 1,500 வரை கலோரியும் 50 முதல் 75 கிராம் வரை புரதமும் வேண்டும் என்றாகிறது. சிறுநீரகக் கோளாறு உடையவர்க்குப் புரத அளவு வேறுபடும். அதை மருத்துவரே வரையறுக்க வேண்டும்.

இனி டின்னுக்கு வருவோம். ‘சத்துப் பவுடர்’ என்று நாம் பொதுவாகச் சொல்லும் பெயருக்குள் வெவ்வேறான பொருள்கள் கலந்து கிடக்கின்றன. மருத்துவமனையில் எழுதித் தரும் ஊட்டத் துணையுணவு ஒன்று. மாவுச்சத்து, புரதம், கொழுப்பு, உயிர்ச்சத்து, தாதுப்பொருள் எல்லாம் அளவோடு சேர்ந்தது. உணவு குறையும் இடத்தை நிரப்புவதற்கென்றே ஆக்கப்பட்டது. மால்ட் கலந்த பானப் பொடி வேறு. அதில் சர்க்கரையும் மாவும் மிகுதி. அதை மட்டும் நம்பினால் புரதம் போதாது. இத்தகைய பானங்களை ‘ஆரோக்கிய பானம்’ என்ற தலைப்பில் விற்கலாகாது என்று இந்திய அரசின் வணிக அமைச்சகம் 2024 ஏப்ரலில் இணைய வணிக நிறுவனங்களை அறிவுறுத்தியது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே இல்லை என்பது காரணம். உடற்பயிற்சி செய்யும் இளைஞர்கள் வாங்கும் புரதப் பொடி இன்னொன்று. புரதம் மட்டும் உண்டு. பசியாறுவதற்கான கலோரி அதில் குறைவு.

சரியான டின்னையே வாங்கினாலும் நாங்கள் செய்த ஒரு பிழை இருக்கிறது. கேட்டால் சிரிப்பீர்கள். விலை கூடுதல் என்பதால் அதைத் திருநீறு போல அளந்தோம். ஒரு டம்ளர் வெந்நீரில் இரண்டு தேக்கரண்டி. நாளுக்கு ஒரு முறை. 400 கிராம் டின் ஒரு மாதத்துக்கு மேலும் வந்தது. சிக்கனமாகக் கொடுக்கிறோம் என்று பெருமைப்பட்டோம். இரண்டு தேக்கரண்டியில் கிடைப்பது சுமார் 45 கலோரி, ஏறத்தாழ ஓர் இட்லியின் அளவு. முறைப்படி ஒரு குவளைக்கு ஐம்பது, ஐம்பத்தைந்து கிராம் கரைக்கவேண்டும். அப்போதுதான் 240 கலோரி அளவில் கிடைக்கும். அந்தக் கணக்கில் ஒரு டின் ஏழு குவளைக்குத்தான் காணும். டின்னின் மேல் அச்சிட்ட அளவைப் படித்துப் பார்க்க எங்களுள் எவர்க்கும் தோன்றவில்லை.

அவ்வளவு செலவு எல்லார்க்கும் இயலுமா என்றால், இயலாது. அந்த உணவியல் அம்மையார் எங்களுக்குச் சொல்லித் தந்தது இது. ஒரு டம்ளர் பால். அதில் இரண்டு மேசைக்கரண்டி கொழுப்பு நீக்கிய பால் பொடி. இரண்டு மேசைக்கரண்டி பொட்டுக்கடலை மாவு, வறுத்து நன்றாகச் சலித்தது. ஒரு தேக்கரண்டி நெய். இரண்டு தேக்கரண்டி வெல்லம் அல்லது சர்க்கரை. காய்ச்சி ஆறவைத்தால் ஏறக்குறைய 300 கலோரியும் 15 கிராம் அளவுக்குப் புரதமும் அதில் இருக்கும். டின்னில் இருப்பதற்குச் சற்றும் குறைவில்லை. பால் ஒவ்வாதவர்க்கும், வயிற்றுப்போக்கு உள்ளவர்க்கும், குழாய் வழியாக உணவு பெறுவோர்க்கும் டின்னே மேல் என்று மருத்துவர் சொன்னால் டின்னையே வாங்குங்கள். நீரிழிவு உடையவர்க்கு அதற்கென்று தனி வகை உண்டு.

சர்க்கரை புற்றுக்குத் தீனி என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? ஜெர்மானிய அறிஞர் ஓட்டோ வார்பர்க் 1920களில் புற்றணுக்கள் குளுக்கோஸை மிகுதியாக எடுத்துக்கொள்வதைக் கண்டறிந்தார். அது உண்மை. ‘பெட் ஸ்கேன்’ என்ற படப்பிடிப்பே அந்த உண்மையை ஆதாரமாகக் கொண்டதுதான். ஆனால் மூளையும் இரத்தச் சிவப்பணுக்களும் குளுக்கோஸைக் கொண்டே இயங்குகின்றன. நாம் உண்பதை நிறுத்தினால் உடல் தன் தசையைக் கரைத்துக் குளுக்கோஸ் ஆக்கிக்கொள்ளும். நோயாளியைப் பட்டினி போட்டால் புற்றுக்கு முன் அவர்தாம் மெலிவார். முன்சொன்ன ஐரோப்பிய நெறியும் உணவைக் குறைக்கும் பத்தியங்களை வேண்டாம் என்றே கூறுகிறது. பத்தியம் என்ற சொல்லுக்கு நம் வீடுகளில் இருக்கும் மரியாதையை நாங்கள் அறிவோம். எங்கள் தாய்மார் கைப்பக்குவத்தில் வளர்ந்தவர்கள்தாம் நாங்களும். எனினும் இந்த நோய்க்கு நம் பத்தியம் பொருந்தவில்லை.

மாத்திரைகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். ஏனெனில் இங்கேதான் அன்பு கண்ணை மறைக்கிறது. உயிர்ச்சத்து நல்லதுதானே, கூடுதலாகக் கொடுத்தால் என்ன என்று தோன்றும். பின்லாந்து நாட்டில் புகைபிடிக்கும் ஆடவர் 29,133 பேரிடம் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. நுரையீரல் புற்றைத் தடுக்கும் என்று நம்பிப் பீட்டா கரோட்டின் மாத்திரை கொடுத்தார்கள். 1994இல் முடிவு வந்தது: அம்மாத்திரை உண்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு மிகுதியாயிருந்தது. அது நோய் வருமுன் காக்கச் செய்த முயற்சி. சிகிச்சைக் காலத்திலேயே கொடுத்துப் பார்த்ததும் உண்டு. கனடாவின் க்யூபெக் மாநிலத்தில் தலை, கழுத்துப் புற்றுக்குக் கதிர்ச் சிகிச்சை பெற்ற 540 பேரில் ஒரு பாதியினர்க்கு வைட்டமின் ஈயும், தொடக்கத்தில் சிலருக்குப் பீட்டா கரோட்டினும் பெரிய அளவில் தந்தார்கள். பக்கவிளைவுகள் சற்றுத் தணிந்தன. ஆனால் நோய் அதே இடத்தில் மீளும் போக்கு மிகுந்து தெரிந்தது. பின்னர் அந்தப் பிரிவில் இறந்தோரும் மிகுந்தனர். இம்முடிவுகள் 2005, 2006 ஆண்டுகளில் வெளிவந்தன. கதிர்ச் சிகிச்சை புற்றணுவை அழிக்கும் வழிகளுள் ஒன்று ஆக்சிஜனேற்றம். அதைத் தடுக்கும் மாத்திரையை அள்ளிக் கொடுத்தால், நல்ல அணுவோடு புற்றணுவும் காக்கப்படலாம் என்று ஆய்வாளர் கருதுகிறார்கள். நம் பெரியவர்க்கும் அதே தொண்டைப் பகுதிதான். இதைப் படித்த அன்று எங்களுள் ஒருவர் அழுதுவிட்டார்.

ஆகவே குறைபாடு இருக்கிறது என்று இரத்தப் பரிசோதனையில் தெரிந்து மருத்துவர் எழுதினால் இரும்போ, வைட்டமின் டியோ, பி12ஓ கொடுக்கலாம். நாமாக வாங்கிக் கொடுத்தல் வேண்டா.

மூலிகைக்கும் இதுவே பொருந்தும். நம் கஷாயங்களை இகழும் எண்ணம் எங்களுக்கு இல்லை. ஆயினும் 2020 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை, கொரோனாக் காலத்தில், இதே மும்பையில் சீந்தில் உட்கொண்ட ஆறு பேருக்குக் கல்லீரல் பாதிப்பு நேர்ந்ததை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கீமோ மருந்துகள் பலவற்றைக் கழித்து வெளியேற்றுவது கல்லீரலே. அதற்கு வேறு சுமை ஏற்றலாமா? குழம்பில் இடும் மஞ்சளுக்கு அஞ்சவேண்டியதில்லை. மஞ்சளைச் செறிவாக்கி மிளகுச் சத்துடன் அடைத்த மாத்திரை வேறு பொருள். பச்சைத் தேயிலைச் சத்து, போர்ட்டிசோமிப் என்னும் புற்றுமருந்தின் செயலைத் தடுப்பதாக 2009இல் ஆய்வுக்கூடச் சோதனை ஒன்று காட்டியது. இவ்வாறு எது எதனோடு மோதும் என்பது நமக்குத் தெரியாது. மருத்துவரிடம் மறைக்காமல் சொன்னால் அவர் பார்த்துச் சொல்வார். பலர் மறைக்கிறார்கள். திட்டுவாரோ என்ற அச்சம். திட்டினால் திட்டட்டும்!

தாய்மார்களே, உண்ண முடியாத வாயில் உணவை எப்படிச் செலுத்துவது என்பதே உண்மையான வினா. சிறிது சிறிதாக, நாளுக்கு ஆறு வேளை. காலையில் பெரும்பாலும் பசி இருக்கும். அப்போதே நல்ல உணவைக் கொடுத்துவிடுங்கள். வாய் புண்ணாகிவிட்டால் ரசம், ஊறுகாய், எலுமிச்சை, தக்காளி எல்லாம் நெருப்பாக எரியும். குழைந்த பருப்புச் சோறும் ஆறிய கூழும் இறங்கும். உறைப்பில்லாமல் வேகவைத்த மீனும் முட்டையும் உண்பவர்கள் உண்ணலாம். இரும்பைக் கடித்தாற்போல நாவில் ஒரு சுவை நிற்கிறது என்பார்கள். எவர்சில்வர் கரண்டியை மாற்றிப் பிளாஸ்டிக் கரண்டி கொடுத்துப் பாருங்கள். தாளிக்கும் வாசனையே குமட்டலைக் கிளப்பும். அடுப்படிக் கதவைச் சாத்துங்கள். குளிர்ந்த தயிர்ச்சோற்றுக்கு வாசனை குறைவு. அதனால்தான் பெரியவர் அதைக் கேட்டிருக்கிறார். அவருக்கே தம் உடம்பு தெரிந்திருக்கிறது. உப்பும் சமையல் சோடாவும் சிறிது கலந்த நீரால் பலமுறை வாய் கொப்பளித்தல் நலம். வெள்ளணு குறைந்திருக்கும் நாட்களில் கடைத்தெருச் சட்னியும் அறுத்து வைத்த பழமும் வேண்டா. வீட்டில் புதிதாகச் சமைத்தது போதும்.

குழாயைப் பற்றியும் ஒரு சொல். மூக்கு வழியாக இரைப்பைக்குச் செலுத்தும் ‘ரைல்ஸ் டியூப்’ என்றாலே நம்மவர் நடுங்குகிறார்கள். கடைசிக் கட்டம் வந்துவிட்டது என்று உறவினர்க்குத் தந்தி அடிக்காத குறையாகச் செய்தி பறக்கும். அது பிழையான எண்ணம். விழுங்க இயலாத சில வாரங்களைக் கடக்க உதவும் பாலம் அது. பெரியவர்க்கும் அதுதான் போட்டார்கள். பால், பொடி, மெல்லிய பருப்புக் கஞ்சி எல்லாம் துணியில் வடிகட்டி, அவரை நிமிர்ந்து உட்காரவைத்து, மெல்லச் செலுத்தவேண்டும். முன்னும் பின்னும் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவவேண்டும். பல நாள் பட்டினி கிடந்தவர்க்கு முதல் நாளே முழு அளவும் கொடுத்தல் தீங்கு. மருத்துவர் சொல்லும் படிநிலையில் ஏற்றவேண்டும். மருமகள் இரண்டு நாளில் கற்றுக்கொண்டார். பதினைந்து நாளில் எடை 52 ஆயிற்று. சிகிச்சை தொடர்ந்தது, முடிந்தது.

பெரியவர் ஊர் திரும்பினார். கிளம்பும்முன் எங்கள் வீடுகளுக்கெல்லாம் வந்து விடைபெற்றார். எங்கள் டின்னுக்கும் கஷாயத்துக்கும் நன்றி சொன்னார். அதைக் கேட்க எங்களுக்குக் கூச்சமாக இருந்தது. ஒன்றரை ஆண்டு கழித்து நோய் மீண்டது. அடுத்த தைக்குள் மறைந்தார். நோய் மீள்வதற்குப் பல காரணங்கள் உண்டு. எங்களைக் குற்றம் சாட்டியவர் எவருமிலர். அந்த ஒன்பது நாள் மட்டும் எங்கள் நெஞ்சைவிட்டு அகலவில்லை.

அதனால் இந்த ஆண்டு நாங்கள் சில ஏற்பாடுகள் செய்திருக்கிறோம். சங்கத்தின் நூலக அறையில் நல்ல எடைக்கருவி ஒன்று வைத்திருக்கிறோம். சிகிச்சை பெறுவோர் வீட்டிலிருந்து ஞாயிறுதோறும் ஒருவர் வந்தாலும் போதும். நடக்க முடியாதவர் வீட்டுக்குக் கருவியை நாங்களே எடுத்து வருவோம். எடையையும் முந்தின நாள் உண்டதையும் ஒரு குறிப்பேட்டில் எழுதித் தருவோம். மருத்துவமனைக்குச் செல்லும்போது அதை உணவியல் வல்லுநரிடம் காட்டுங்கள். நோயாளியைக் காணச் செல்வோர் ஆப்பிளும் டின்னும் வாங்குமுன் அந்த வீட்டாரை ஒருமுறை கேளுங்கள். பால் பொடி வேண்டுமா, ஒரு வேளைச் சமையல் வேண்டுமா, மருத்துவமனை வரிசையில் நிற்க ஆள் வேண்டுமா என்று அவர்கள் சொல்வார்கள். பொட்டுக்கடலை மாவு அரைத்துச் சலித்துக் கொடுக்க நான்கு வீட்டார் பெயர் கொடுத்திருக்கிறார்கள். இன்னும் இருவர் வேண்டும். விருப்பமுள்ளோர் நாடகம் முடிந்ததும் மேடையின் இடப்பக்கம் எங்களைக் காணலாம்.

குழந்தைகள் ஒப்பனையோடு காத்திருக்கிறார்கள்.